கூரை பிரிச்ச புதன்கிழமை

பக்கத்து வீட்டு அக்கா வாயில எப்பவும் ஒரே பதில்தான்: "இருக்குது."

"அக்கா, முருங்கைக்கீரை நெறைய வந்துடுச்சி, கொஞ்சம் எடுத்துக்கோங்க." "வூட்ல இருக்குதும்மா." "அக்கா, பூ மிச்சமாயிடுச்சி." "தோ, காலையிலதான் வாங்கினேன், இருக்குது." காபி குடிங்கன்னா இப்பதான் குடிச்சேம்பாங்க. சாப்பிடுங்கன்னா ஏப்பம் விடுவாங்க. ஒருநாள் எனக்கு எரிச்சல் வந்து, "ரெண்டு நாளா ஒரே தலைவலிக்கா, அதுல கொஞ்சம் தரட்டுமா?"ன்னு கேட்டேன். "அதுவும் இருக்குது"ன்னு சொல்லிட்டு அவங்களே சிரிச்சிட்டாங்க. முந்தானையால வாயை மூடிக்கிட்டு, கண்ணுல தண்ணி வர்ற அளவுக்குச் சிரிச்சாங்க. அவங்க அப்படிச் சிரிச்சு நான் பாத்தது கம்மி.

எங்களோடது ஸ்கெலட்டன்ங்கற ஏரியாவுல ஒரு லைன். தங்க மைன்ஸ்ல வேலை செஞ்சவங்களுக்காக எப்பவோ வரிசையா கட்டின வீடுங்க. ஒரு வீட்டுச் செவுரு முடியற இடத்துல அடுத்த வீடு ஆரம்பிச்சிடும். மைன்ஸ் மூடின பிறகும் நாங்க அங்கேயேதான் கிடக்கோம். காலையில ரயிலைப் புடிச்சி பெங்களூர் போறோம், ராத்திரி வந்து படுக்கறோம். நான் அங்க ஒரு துணிக்கடையில பில் போடறேன். எங்க வீட்டுக்காரர் ஒரு அபார்ட்மென்ட்ல லிஃப்ட் பாக்கறார். அவரோட அப்பா மைன்ஸ் சாஃப்ட்ல கேஜ்ங்கற கூண்டுல ஏறி பூமிக்குள்ள போனாரு, இவரு அதே மாதிரி கூண்டுல மாடிக்குப் போறாருன்னு நான் கிண்டல் பண்ணுவேன்.

அக்கா தனி ஆள். புள்ளைங்க இல்லை. வீட்டுக்காரரு நெஞ்சு கெட்டு, இருமி இருமியே போய்ச் சேந்துட்டாரு. அப்புறம் சேலைக்கு ஃபால்ஸ் தைக்கிற வேலைதான். ராபர்ட்சன்பேட்டை கடைங்கள்ல இருந்து மூட்டை மூட்டையா சேலை வரும், போகும். உள்ளே மிஷின் சத்தம் கேக்கும். ஆனா அந்த மிஷினை யாரும் பாத்ததில்லை. ஏன்னா அந்த வீட்டுக்குள்ள யாரும் போனதில்லை.

வாசல் வரைக்கும் பாத்தீங்கன்னா அது கலெக்டர் வீடு! வருஷா வருஷம் பொங்கலுக்கு முன்னாடி கதவுக்குப் பச்சை பெயின்ட். கஞ்சி போட்டு மொடமொடன்னு ஒரு ஸ்கிரீன். தங்கம் எடுத்த கழிவைக் கொட்டி வெச்ச சயனைடு மேட்டு மண்ணு காத்துல பறந்து வந்து எல்லார் வாசல்லயும் வெள்ளையா படிஞ்சி கிடக்கும், அவங்க வாசப்படி மட்டும் ரெண்டு வேளையும் கழுவி வெச்சிருக்கும். தண்ணி வர்ற அன்னைக்குக் கொழாயடியில அவங்க பித்தளைக் குடம்தான் பளபளன்னு முன்னால நிக்கும். ஆனா அந்த ஸ்கிரீனுக்கு உள்ளே? யாராவது கூப்பிட்டா அவங்க வெளியே வருவாங்க, பின்னங்காலால கதவை இழுத்து மூடிக்கிட்டு நின்னு பேசுவாங்க. காஸ் போடற பையன் சிலிண்டரை வாசல்லயே வெச்சிட்டுப் போகணும். "உள்ள வெச்சிட்டுப் போறேன் ஆன்ட்டி"ன்னு அவன் கெஞ்சினாலும், "பர்வாயில்ல, நீ போப்பா"ன்னு சொல்லி, லைன் முக்கு திரும்பற வரைக்கும் பாத்துக்கிட்டே நின்னு, அப்புறம் இடுப்பால தள்ளித் தள்ளி அவங்களே உருட்டிக்கிட்டுப் போவாங்க.

ஞாயித்துக்கிழமையானா எங்க லைன் பூரா கறி வாசனைதான். அக்கா வீட்லயும் அம்மிச் சத்தம் கேக்கும். சோம்பு, பட்டை, கசகசா, எல்லாம் போட்டு அரைக்கிற வாசனை செவுரு தாண்டி வரும். "அக்கா, இன்னா இன்னைக்கு, மட்டனா?"ன்னு கேட்டா, "ஆமாம்மா, அரைக்கிலோ எடுத்தேன், ஒரு ஆளுக்கு அதுவே ஜாஸ்தி"ம்பாங்க. அந்த மசாலா போய்ச் சேர்ற இடம் கத்திரிக்காய்னு எனக்குத் தெரியும். காலையில காய்க்காரன்கிட்ட அவங்க வாங்கினதை நான்தான் பாத்தேனே. பாத்தேன்னு அவங்களுக்குத் தெரிஞ்சிடக் கூடாதேன்னு நான்தான் தலையைக் குனிஞ்சிக்கிட்டு உள்ளே ஓடினேன். அவங்க பக்கத்துல இருந்தா இதுதான் கஷ்டம். அவங்க மறைக்கிறதை நாம பாத்துட்டு, நாம பாத்ததை அவங்ககிட்ட இருந்து நாம மறைக்கணும். சதா ஒரு திருட்டு முழி முழிச்சிக்கிட்டே இருக்கணும்.

மழை வந்தா இன்னும் மோசம். எங்க வீடும் ஒழுகும். தகரம் துருப்புடிச்சி சல்லடையா போயிருந்தது. எங்கெங்க சொட்டுதோ அங்கெல்லாம் குண்டான், பக்கெட், தோசைக்கல்லு வரைக்கும் வெச்சிருப்போம், டொக் டொக்குன்னு கச்சேரி நடக்கும். எங்க வீட்டுக்காரர் தாளம் வேற போடுவார். அக்கா வீட்ல இருந்து ஒரு சத்தமும் வராது. அவங்க கூரை நல்லா இருக்குது போலன்னுதான் ரொம்ப நாள் நெனச்சிக்கிட்டிருந்தேன். ஒரு தடவை மழை விட்ட மறுநாள், அவங்க கொடியில கந்தல் துணியா வரிசையா காய்ஞ்சிக்கிட்டு இருந்தது. எல்லாம் கையகலத் துணிங்க, துருக்கறை புடிச்ச துணிங்க. பாத்திரத்துக்குள்ள துணியைப் போட்டு வெச்சா சொட்டற சத்தம் வெளியே கேக்காது இல்ல? நான் கொடிக்கு முன்னாடி நின்னுக்கிட்டு அதைப் புரிஞ்சிக்கிட்டேன். எனக்கு மூஞ்சியெல்லாம் சுட்டுப் போச்சி. அடுத்தவங்க குளிக்கிற இடத்துக்குள்ள கதவைத் தட்டாம நுழைஞ்சிட்ட மாதிரி இருந்தது.

இந்தக் கூரை விஷயத்துக்கு வர்றேன்.

மழைக்காலத்துக்கு முன்னாடி பெஞ்ச ஒரே மழைக்கு எங்களுக்கு அடுத்த லைன்ல ஒரு வீட்டுக் கூரை பட்டப்பகல்ல உக்காந்துடுச்சி. நல்ல வேளை, ஆளுங்க வெளியே இருந்தாங்க. அதைப் பாத்துட்டு எங்க வீட்டுக்காரர் அன்னைக்கே மேஸ்திரியைக் கூட்டிக்கிட்டு வந்தார். பேத்தமங்கலம் பக்கத்து ஆளு, தெலுங்கு, கன்னடம், தமிழு மூணையும் ஒண்ணா போட்டுப் பெசைஞ்சி பேசுவார். ஏணி போட்டு ஏறினார். எங்க வீட்டுக்கும் அக்கா வீட்டுக்கும் சேத்து ஒரே விட்டம், நடுச்செவுரு மேல ஏறி அந்தப் பக்கம் போகுது. ஸ்க்ரூ டிரைவரை எடுத்து அந்த மரத்துல ஒரு குத்து. பிடி வரைக்கும் உள்ளே போயிடுச்சி, பழுத்த பப்பாளியில போற மாதிரி. பொடிப் பொடியா கரையான் மண்ணு கொட்டினது.

"ஆகல்லம்மா இது. இந்த மழைக்கு நிக்காது"ன்னார்.

"அதுக்குத்தான மேஸ்திரி உங்களைக் கூப்பிட்டது. பிரிச்சிட்டு கம்பி பைப்பு போட்டு, கலர் ஷீட் போட்டுடுங்க."

"உங்க பக்கம் மட்டும் பிரிக்கட்டுமா? விட்டம் ஒண்ணுதான். உங்களுது எடுத்தா அந்த அம்மாவுது அன்னைக்கே மேல வுழும். எடுக்காம வுட்டா ரெண்டும் சேந்து வுழும். ரெண்டு வூடும் ஒண்ணா பிரிக்கணும். அந்த அம்மாகிட்ட மாத்தாடிட்டு சொல்லுங்க, மழைக்கு முன்னாடி."

சரி, பேசறது இன்னா பெரிய விஷயம்னு நான் போய்க் கூப்பிட்டேன். அக்கா வெளியே வந்தாங்க, பின்னங்காலால கதவை மூடினாங்க. நான் சொன்னதெல்லாம் கேட்டாங்க.

"எங்க பக்கம் நல்லா இருக்குதும்மா."

"அக்கா, மரம் ஒண்ணுக்கா. கரையான் செவுரைப் பாத்து நிக்குமா?"

"பாத்துக்கலாம். இந்த மழை போகட்டும்."

"இந்த மழைதான்க்கா பிரச்சினை! தலை மேல வுழுந்தா இன்னா பண்ணுவீங்க? காசு பத்தலன்னா சொல்லுங்க, நாம…"

அவ்ளோதான், அவங்க முகம் மாறிடுச்சி. "காசு இருக்குது"ன்னாங்க. இந்த 'இருக்குது' வேற மாதிரி வந்தது. "அவரு போகும்போது என் கையைப் புடிச்சி சொன்னாரு, மொதல்ல கூரையை மாத்து, நீ தனியா படுக்கற எடம்னு. அந்தக் காசு தனியா போஸ்டாபீஸ்ல இருக்குது. பட்டினி கெடந்தாலும் அதை நான் தொட்டதில்ல. காசு இல்லன்னு யார் சொன்னா உனக்கு?"

நான் திரும்பி வந்துட்டேன். காசு இருக்குதாம், கூரை ஓட்டையாம், மாத்த மாட்டாங்களாம். இது இன்னா கூத்துன்னு எனக்குக் கோவம் கோவமா வந்தது. எங்க வீட்டுக்காரர்தான் சொன்னார், "சாமான் வெளிய எடுக்கணும் இல்ல, அதுக்குத்தான்."

எங்க லைன்ல கூரை பிரிக்கறதுன்னா ஒரு முறை இருக்குது. துருவும் தூசியும் கொட்டும்னு வீட்ல இருக்கற அத்தனை சாமானும் தெருவுக்கு வந்துடும். லைன்ல இருக்கற பொம்பளைங்க எல்லாரும் வந்து கைக்குக் கை மாத்தி எடுத்து வைக்கணும். யாரும் கூப்பிட வேணாம், கூப்பிடாமலே வருவாங்க. அன்னைக்கு அந்த வீட்ல அடுப்பு எரியாது, பக்கத்து வீடுதான் சமைச்சிப் போடணும். நல்ல முறைதான். ஆனா தெருவுல பரப்பி வெச்ச சாமானைப் பாக்காம யாராவது இருப்பாங்களா? "பாத்தியா, அவ பீரோவுக்குப் பூட்டே இல்ல." "அந்த அண்டாவுல அடியில எம்சீல் வெச்சிருக்குது." ஆறு மாசத்துக்கு அதே பேச்சு ஓடும். எதிர்வீட்டுப் பெரியம்மா ஒருத்தங்க போதும், லைன்ல யார் வீட்டுத் தலையணைக்கு உறை இல்லைன்னு அவங்களுக்கு மனப்பாடம். ஸ்கிரீனுக்குப் பின்னால இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணின அக்கா, அந்தத் தெருவுல எதைக் கொண்டாந்து வைப்பாங்க?

எனக்கு அப்பதான் ஒண்ணொண்ணா புரிஞ்சது. மாசத்துக்கு ஒருதரம் துணி சுத்தின மூட்டையோட பஸ் ஏறி பங்காரப்பேட்டை போவாங்க. கேட்டா, "அதுக்கு அந்தாண்ட பூதிகோட்டையில தங்கச்சி இருக்குது இல்ல, பாத்துட்டு வர்றேன்"ம்பாங்க. வரும்போது வெறுங்கை. வீட்டுச் சாமானை இங்க பஜார்ல வித்தா யாராவது பாத்துடுவாங்கன்னு அங்க கொண்டு போய் வித்திருக்காங்க. கூரைக் காசைத் தொடக் கூடாதுன்னு, கூரைக்குக் கீழே இருந்ததையெல்லாம் வித்துச் சாப்பிட்டிருக்காங்க. இப்ப கூரையைப் பிரிச்சா அது தெரிஞ்சிடும். நான் அடுப்படியில உக்காந்து அழுதேன். அழுதுக்கிட்டே, "உசுரை விட மானம் பெருசா இந்தப் பொம்பளைக்கு?"ன்னு திட்டவும் செஞ்சேன்.

அடுத்த வாரம் ஞாயித்துக்கிழமை சாயங்காலம் பக்கத்து வீட்ல தடால்னு ஒரு சத்தம். நான் வெளியே ஓடினேன். அக்கா வாசல்ல நின்னுக்கிட்டிருந்தாங்க. தலையெல்லாம், தோளெல்லாம் செவப்பா துருப் பொடி. நெத்தியில ஒரு கோடா ரத்தம்.

"அக்கா! இன்னாக்கா ஆச்சி?"

"ஒண்ணுமில்ல, சுண்ணாம்பு அடிச்சிக்கினு இருந்தேன்."

செவப்பு சுண்ணாம்பு! எனக்கு நாக்கு வரைக்கும் வந்தது.  உள்ளே போய் மஞ்சளைக் குழைச்சி எடுத்துக்கிட்டு வந்து நெத்தியில வெச்சேன். மொத மொதலா, "இருக்குது"ன்னு சொல்லாம வாங்கிக்கிட்டாங்க.

அப்புறம், "அடுத்த புதன்கெழமை வெச்சிக்கலாம்னு மேஸ்திரிகிட்ட சொல்லு"ன்னாங்க.

எனக்குப் பெருமூச்சு வந்தது. அப்பாடா, புத்தி வந்துடுச்சின்னு நெனச்சேன்.

அதுக்கு நடுவுல ஒருநாள் எனக்குக் காய்ச்சல், வேலைக்குப் போகலை. அன்னைக்குத் தண்ணி வர்ற நாள். லைன் பூரா கொழாயடியில சண்டை போட்டுக்கிட்டு இருந்தது, அது பின்பக்கம். முன்பக்கம் ஒரு ஈ காக்கா இல்லை. அப்ப வந்து நின்னது ஒரு குட்டி யானை வண்டி. அக்கா எப்பவும் மொத ஆளா குடத்தோட நிக்கறவங்க, அன்னைக்குக் கொழாயடிக்கே போகலை. அவங்க தங்கச்சி வீட்டுக்காரரும் டிரைவரும் இறக்கினாங்க: ஆளுயரக் கண்ணாடி வெச்ச பீரோ, கட்டில், மெத்தை, மிக்சி, ஒண்ணுக்குள்ள ஒண்ணா அடுக்கின எவர்சில்வர் அண்டாங்க, பெரிய சாமி படம். நான் ஜன்னல்ல இருந்து பாத்துட்டு சட்டுனு குனிஞ்சிக்கிட்டேன். காய்ச்சலோட தரையிலேயே உக்காந்திருந்தேன், வண்டி போற வரைக்கும்.

சாயங்காலம் அக்காவே வந்தாங்க. "ஏம்மா, வண்டி சத்தம் கேட்டுதா? பீரோ கட்டிலெல்லாம் பாலிஷ் போடக் குடுத்திருந்தேன், இன்னைக்குத்தான் கொண்டாந்து போட்டான்."

"அப்படியாக்கா"ன்னேன்.

எங்க வீட்டுக்காரர் கேட்டுட்டு, "மிக்சிக்குக் கூடவா பாலிஷ் போடறாங்க?"ன்னார். "வாயை மூடுங்க"ன்னு நான் போட்ட சத்தத்துல அவர் அன்னைக்குப் பூரா பேசவே இல்லை.

புதன்கிழமை வந்தது. காலையிலேயே மேஸ்திரி ஆளுங்களோட வந்துட்டார். மொதல்ல எங்க சாமான் வெளியே போச்சி. எம்சீல் வெச்ச அண்டா என்னுதுதான், சொல்லிடறேன். அப்புறம் அக்கா ஸ்கிரீனைக் கழட்டி மடிச்சி இடுப்புல சொருகிக்கிட்டு, "வாங்க"ன்னு கதவைத் தள்ளினாங்க. நல்ல சேலை கட்டியிருந்தாங்க, தலையில பூ. கல்யாண வீட்டுக்கு வரவேற்கிற மாதிரி நின்னாங்க. லைன் பொம்பளைங்க எல்லாரும் மொத தடவையா அந்த வாசப்படியை மிதிச்சோம்.

கைக்குக் கை மாத்தி சாமான் வந்தது. பீரோ வந்தது. "அடேயப்பா, எவ்ளோ பெரிய கண்ணாடி!"ன்னாங்க ஒருத்தங்க. அக்கா முகத்துல வெளிச்சம். கட்டில் வந்தது. மெத்தை வந்தது. அப்புறம் எவர்சில்வர் அண்டா. எதிர்வீட்டுப் பெரியம்மா வாங்கினாங்க, வெயில்ல திருப்பினாங்க. அண்டாவோட வயித்துல பேர் வெட்டியிருந்தது. எல்லார் வீட்லயும் வெட்டறதுதான், சீர் வெச்சவங்க பேரு, வாங்கிக்கிட்டவங்க பேரு, ஊர் பேரு. பெரியம்மா பழக்க தோஷத்துல சத்தமா படிக்க ஆரம்பிச்சிட்டாங்க.

"பூதிகோட்…"

அப்படியே நின்னுட்டாங்க. அண்டாவுல இருந்தது அக்கா பேரும் இல்லை, அவங்க வீட்டுக்காரரு பேரும் இல்லை. தங்கச்சி வீட்டுக்காரரு பேரு. அத்தனை பேரும் பெரியம்மா வாயையே பாத்துக்கிட்டு நின்னோம். அந்த வாய் மூடி நான் பாத்ததே இல்லை, அன்னைக்கு மூடினது. அண்டாவை மெதுவா சுத்தினாங்க, பேர் இருந்த பக்கத்தைச் செவுத்தைப் பாத்து திருப்பி வெச்சாங்க. அடுத்தது வந்ததை நான் வாங்கினேன், நானும் திருப்பி வெச்சேன். எனக்கு அடுத்தவ தூக்கு வாளியைத் திருப்பினா. தட்டு, சொம்பு, இட்லிக் குண்டான், எல்லாத்தையும் பேரைச் செவுத்துக்குக் காட்டி வரிசையா அடுக்கினோம். யாரும் யாரையும் பாத்துக்கலை. அக்கா உள்ளே இருந்து அடுத்த சாமானை நீட்டிக்கிட்டே இருந்தாங்க. எனக்கு அழுகையும் வெக்கமும் சேந்து வந்தது. எனக்கு எதுக்கு வெக்கம்னு கேட்டா சொல்லத் தெரியாது. ஒருத்தங்க மானத்தை நாங்க இத்தனை பேர் சேந்து கையில வெச்சிக்கிட்டு நின்னோம், அந்த வெக்கம்.

வீடு காலியானதும் தகரத்தைப் பிரிச்சாங்க. மேல இருந்து வெயில் தரையில இறங்கினது. தரை ஓரமா நாலு துருத் தடம். அவங்க சொந்த பீரோ ஒரு காலத்துல நின்ன இடம், அது எப்ப எப்படி வெளியே போச்சின்னு லைன்ல யாருக்கும் தெரியாது. தங்கச்சி பீரோ அதை விட அகலம், அந்தத் தடத்துல பொருந்தலை. மேஸ்திரி ஆளுங்க அதை மிதிச்சிக்கிட்டுப் போனாங்க. நான் சோறு வடிக்கணும்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

எங்க கூரையும் பிரிச்சிருந்தாலும் அன்னைக்கு எல்லாருக்கும் சமையல் நான்தான், வெளியே கல்லு கூட்டி. அக்காவும் உக்காந்து சாப்பிட்டாங்க. ரெண்டாவது தரம் ரசம் ஊத்தப் போனா இலை மேல கையை வெச்சி மறைச்சாங்க. மறுநாள் சாயங்காலத்துக்குள்ள புது ஷீட் ஏறிடுச்சி. நீலக் கலர். விட்டம் இல்லை, கம்பி பைப்பு. அக்கா வாசல்ல இருந்து அண்ணாந்து பாத்துக்கிட்டே நின்னாங்க. "அவரு இருந்திருந்தா"ன்னு ஆரம்பிச்சி முடிக்காம விட்டுட்டாங்க. எல்லாரும் சேந்து சாமானைத் திரும்ப உள்ளே வெச்சோம். பேரை உள்பக்கமா திருப்பித்தான். ஸ்கிரீன் திரும்ப மாட்டிடுச்சி.

கதை அதோட முடிஞ்சிருக்கலாம். ஆனா பூதிகோட்டையில தங்கச்சி பொண்ணைப் பாக்க மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வர்றாங்களாம், வெள்ளிக்கிழமை. அவங்களும் வீட்டைப் பாப்பாங்க இல்ல? பீரோ அங்க நிக்கணும். தண்ணி வர்ற நாள் வரைக்கும் காத்திருக்க முடியாது. அதனால அடுத்த வியாழக்கிழமையே, நல்ல மத்தியானத்துல, லைன் பொம்பளைங்க எல்லாரும் வாசல்ல அரிசி புடைச்சிக்கிட்டும் பேன் பாத்துக்கிட்டும் இருக்கற நேரத்துல, தங்கச்சி வீட்டுக்காரர் வண்டியோட வந்து நின்னுட்டார். எனக்கு அன்னைக்கு லீவு, நானும் வாசல்லதான் இருந்தேன். "அண்ணி, சீக்கிரம், வண்டிக்காரன் வேற எடம் போகணும்னு கத்தறான்"னார். அக்கா ஸ்கிரீனைப் புடிச்சிக்கிட்டு நின்னாங்க.  லைனை இந்தக் கடைசியில இருந்து அந்தக் கடைசி வரைக்கும் பாத்தாங்க.

மொதல்ல எழுந்திரிச்சது எதிர்வீட்டுப் பெரியம்மாதான். மொறத்தை எடுத்தாங்க, உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கிட்டாங்க. பகல்ல அந்தக் கதவு சாத்தி யாரும் பாத்ததில்லை. அதைப் பாத்து அடுத்த வீடு. அப்புறம் அதுக்கடுத்த வீடு. டப், டப்புன்னு லைன் பூரா கதவு மூடினது. யாரும் யாருக்கும் சொல்லலை. நானும் உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டேன். நாம பாக்கலைன்னா அவங்களுக்கு அசிங்கம் இல்லை, அவ்ளோதான் எங்க எண்ணம். நல்லது செய்யறோம்னுதான் நெனச்சோம்.

கதவுக்குப் பின்னால நின்னு கேட்டேன். பீரோவை இழுக்கிற சத்தம். கீச்சுன்னு சிமெண்டுல உரசினது. நின்னது. தங்கச்சி வீட்டுக்காரர் மூச்சு வாங்கினது. திரும்ப ஒரு இழுப்பு. வாசப்படியில இடிச்சி நின்னுடுச்சி. 

அப்ப அக்கா குரல் கேட்டது. இத்தனை வருஷத்துல அவங்க அவ்ளோ சத்தமா பேசி நான் கேட்டதில்லை.

"யார் வூட்டுப் பொணம் போகுதுன்னு எல்லாரும் கதவைச் சாத்திக்கினீங்க?"

 எங்க லைன்ல பொணம் தாண்டிப் போறப்பதான் வரிசையா கதவு சாத்துவோம். அது ஏன் எனக்குத் தோணலை? ஏன் ஒருத்தருக்குமே தோணலை? எல்லாக் கதவும் ஒரே நேரத்துல மூடினா எல்லாருக்கும் தெரியும்னுதான அர்த்தம்? புதன்கிழமையில இருந்தே தெரியும்னு, அதுக்கு முன்னாடியே தெரியும்னு, நாங்க ஒவ்வொரு வீடா தட்டிச் சொன்ன மாதிரி ஆயிடுச்சி. நான் தாழ்ப்பாள் மேல கையை வெச்சிக்கிட்டு அப்படியே நின்னேன். தொறக்கவும் முடியலை, எடுக்கவும் முடியலை.

என் கதவைத்தான் தட்டினாங்க.

"ஏ பொண்ணு. உள்ளதான இருக்குற? தொற. பீரோவைத் தூக்க ஆள் பத்தல."

தொறந்தேன். அக்கா நின்னுக்கிட்டிருந்தாங்க, வேர்த்து விறுவிறுத்து, முந்தானையை இழுத்துச் சொருகிக்கிட்டு. ஸ்கிரீன் ஒரு பக்கமா ஒதுங்கிக் கிடந்தது, உள்ளே வெறும் தரையும் தையல் மிஷினும் தெருவுல இருந்தே தெரிஞ்சது. அவங்க அதை மறைக்கலை.

"இந்தப் பக்கம் நீ புடி. எதிர்ல பெரியம்மா இருப்பாங்க, அவங்களையும் கூப்பிடு. ஒரு கை குடுத்துட்டு போகச் சொல்லு"ன்னாங்க. யார்கிட்டயும் ஒண்ணும் கேட்டறியாத வாய் அது.

பெரியம்மா வந்தாங்க. அடுத்த வீட்டுக்காரி வந்தா. எல்லாரும் வந்தோம், தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டு. தூக்கினோம். கண்ணாடியில எங்க மூஞ்சியெல்லாம் தெரிஞ்சது, யாரும் அதைப் பாக்கலை. அக்கா முன்னால நடந்துக்கிட்டே வழி சொன்னாங்க, லைன் கடைசி வீடு வரைக்கும் கேக்கற குரல்ல.

"பாத்து, பாத்து. கண்ணாடி பத்திரம். கீறல் வுழுந்துட்டா என் தங்கச்சிக்கு நான் பதில் சொல்லணும். அவ வூட்டு பீரோ இது."